அண்ணாச்சியின் தேன்பெட்டிகள்

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



சங்கச் செயலாளர் போன வாரம் போன் செய்து, "இருபது நிமிஷம் பேசணும். ஃபாக்டரி பத்தி வேண்டாம், அதை எல்லாருமே பேசுறாங்க" என்றார். "தேனீ பத்திப் பேசட்டுமா?" என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "ஏம்பா, தேன் விக்கிறியா?" என்று கேட்டார். இல்லை, விற்கவில்லை. இன்றைக்கு யாரும் பாட்டில் வாங்க வேண்டியதில்லை, நிம்மதியாக உட்காருங்கள்.

நான் 2010-ல் இங்கிருந்து வெளியே போன மெக்கானிக்கல் பிரிவு. ஒரகடத்தில் வண்டி உதிரி பாகம் செய்யும் ஆலை ஒன்றில் மெயின்டனன்ஸ் பகுதியில் இருக்கிறேன். மூன்று வருஷமாக, அவசர வேலை இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளில், ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் நடுவில் ஓர் ஏரிக்கரை மாந்தோப்புக்குப் போய் வருகிறேன். அங்கே 18 தேன்பெட்டிகள் இருக்கின்றன. அவற்றின் சொந்தக்காரருக்கு எழுபது வயதுக்கு மேல். மார்த்தாண்டம் பக்கத்துக்காரர். தெற்கத்திக்காரர் என்பதால் இங்கே எல்லோருக்கும் அவர் அண்ணாச்சி. எனக்கும் அப்படியே.

அவரைத் தெரிய வந்தது எங்கள் ஆலையின் தண்ணீர்த் தொட்டியால். 2022 மார்ச்சில் மேல்நிலைத் தொட்டிக்கு அடியில் மலைத்தேனீ வந்து கூடு கட்டியது. ஒரே அடை, இரண்டு கை விரித்த அகலம். அதன் கீழ்தான் கேன்டீனுக்குப் போகும் வழி. ஒரு ஷிப்டுக்கு அறுநூறு பேர் நடக்கிறார்கள். மலைத்தேனீ கலைந்தால் விளையாட்டில்லை, ஆளையே கொன்றுவிடும். வழக்கம்போல ராத்திரியில் ஆள் வைத்து மருந்தடிக்கத் தீர்மானமாயிற்று. அந்த சமயத்தில், எங்களுக்கு மரப் பேக்கிங் பெட்டி செய்து தரும் பட்டறையிலிருந்து ஒரு பெரியவர் லோடு இறக்க வந்திருந்தார். தூரத்து வேப்பமரத்தடியில் நின்று பத்து நிமிஷம் அண்ணாந்து பார்த்தார்.

"இது நம்ம பெட்டிப் பூச்சி இல்ல தம்பி. இதைத் தொடப்பிடாது. அந்தப் பெரிய லைட்டை அணைச்சுப் போடுங்க, ஆளுகளை வேற வழியா விடுங்க. பூ முடிஞ்சு மழை வந்தா அதுவே போயிரும்" என்றார்.

மலைத்தேனீ ஓரிடத்தில் வருஷம் முழுக்கத் தங்குகிற ஜாதி அல்ல. பூக்காலத்துக்கு வரும், முடிந்தால் போய்விடும். ராத்திரி விளக்கு வெளிச்சத்துக்கு அது இழுபட்டு வரும் என்பதும் உண்மை. எங்கள் ஆட்களுக்கு ராத்திரி கொட்டு விழுந்ததெல்லாம் அந்த ஃபிளட் லைட்டால்தான். இரண்டு மீட்டிங் நடத்தி, ஒரு மாதம் பார்க்கலாம் என்று மேனேஜர் ஒப்புக்கொண்டார். செலவு, ஒரு கயிறும் இரண்டு அறிவிப்புப் பலகையும். ஜூன் முதல் வாரத்தில் ஒரு காலையில் பார்த்தால் வெறும் அடை தொங்கிக்கொண்டிருந்தது.

எப்படி அண்ணாச்சி தெரியும் என்று போய்க் கேட்டேன். "ஞாயித்துக்கிழமை வா" என்றார்.

போனேன். பெட்டியைத் திறந்து காட்டுவார் என்று நினைத்துக் காமிராவோடு போனேன். ஒரு முக்காலியைப் போட்டு, பெட்டிக்குப் பக்கவாட்டில் ஐந்தடி தள்ளி உட்கார வைத்துவிட்டு அவர் மாமரத்துக்குத் தண்ணீர் விடப் போய்விட்டார். வாசலுக்கு நேரே உட்காரக் கூடாது, அது ரன்வே. ஒரு மணி நேரம் கழித்து வந்து, "என்ன பாத்த?" என்றார். "ஈ போகுது, வருது" என்றேன். "அது போஸ்ட்மேனுக்கும் தெரியும்" என்றார்.

இப்படி ஆறு ஞாயிறு. பெட்டி மூடியைத் தொடவே விடவில்லை. நமக்கு இஞ்சினியர் புத்தி அல்லவா, ஸ்டாப்வாட்ச் வைத்து, நிமிஷத்துக்கு எத்தனை ஈ காலில் மகரந்த உருண்டையோடு வருகிறது என்று எண்ணினேன். அதற்கு அவர் சிரிக்கவில்லை, "எண்ணு, எண்ணு" என்றார். மகரந்தம் நிறைய உள்ளே போனால் உள்ளே புழு இருக்கிறது, புழு இருந்தால் ராணி முட்டையிடுகிறாள், ராணியைத் தேடி வீட்டைப் பிரிக்க வேண்டியதில்லை. மூன்றாவது வாரம்தான் என் கண்ணுக்கு மற்றது தெரிய ஆரம்பித்தது. காவல் ஈ இரண்டு சேர்ந்து மூன்றாவதைப் பிடித்து இழுப்பது. செத்த புழுவை ஒன்று தூக்கி வந்து வெளியே போடுவது. பெட்டிக் காலுக்கு அடியில் வைத்த தண்ணீர்க் கிண்ணத்தில் ஒரு சருகு விழுந்து, அதைப் பாலமாக்கி எறும்பு ஏறுவது. மின்கம்பியில் பஞ்சுருட்டான் குருவி உட்கார்ந்து, போகிற ஈயை ஒவ்வொன்றாகப் பிடித்துக் கம்பியில் அடித்துத் தின்பது.

ஒரு விஷயம் மெக்கானிக்கல் மாணவர்களுக்காகச் சொல்கிறேன். வெயில் ஏறினால் வாசலில் சில ஈக்கள் வரிசையாக நின்று இறக்கையை விசிறும். புழு இருக்கும் இடத்தில் 34, 35 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும், அதற்குத்தான். இத்தாலியத் தேனீ வாசலைப் பார்த்து நின்று உள்காற்றை வெளியே இழுத்து விடும். நம் ஊர் அடுக்குத் தேனீ வாசலுக்கு முதுகைக் காட்டி, வெளியே பார்த்து நின்று, வெளிக்காற்றை உள்ளே தள்ளும். பாய்லர் பாடத்தில் இண்டியூஸ்டு டிராஃப்ட், ஃபோர்ஸ்டு டிராஃப்ட் என்று எழுதி மார்க் வாங்கினோமே, இரண்டும் இங்கே இறக்கை கட்டி நிற்கிறது.

"எப்பத் திறக்கலாம் அண்ணாச்சி?" என்று ஒருநாள் பொறுமை போய்க் கேட்டேன். "வாசல்ல தெரியாத கேள்வி ஒண்ணு உனக்கு வரட்டும். அதுக்குத் திறப்போம். வாசல்ல தெரியறதுக்கு எதுக்கு மக்கா வீட்டை உடைக்கணும்?" என்றார்.

ஏழாவது வாரம் கேள்வி வந்தது. ஒன்பதாம் நம்பர் பெட்டியில் மகரந்தம் குறைந்திருந்தது, ஈக்கள் வாசலில் அங்குமிங்கும் அலைந்தன. அவர் பெட்டியில் காதை வைத்து, விரல் முட்டியால் ஒரு தட்டு தட்டினார். என்னையும் வைக்கச் சொன்னார். ராணி உள்ள கூட்டில் 'உஸ்' என்று ஒரு சத்தம் எழுந்து உடனே அடங்கும். ராணி இல்லாத கூட்டில் அது அடங்காமல் முனகலாக நீளும். இதில் நீண்டது. பக்கத்துப் பெட்டியில் தட்டிப் பார்த்தேன், அடங்கியது. இந்த வித்தியாசத்தை ஒரு புத்தகத்தில் ஏற்கெனவே படித்திருந்தேன். வாக்கியம் ஞாபகம் இருந்தது, சத்தம் எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரியும்.

பிறகு திறந்தோம். தேங்காய் நாரைப் புகைத்து இரண்டே ஊது. கையுறை போட விடமாட்டார். முகவலை உண்டு. கையுறை போட்ட கைக்கு, விரலுக்கு அடியில் ஈ நசுங்குவது தெரியாது. ஒன்று நசுங்கினால், ஒன்று கொட்டினால், வாழைப்பழ வாசனை மாதிரி ஒரு வாசனை கிளம்பும். ஐசோஅமைல் அசிடேட் என்று கெமிஸ்ட்ரி லேபில் நாம் முகர்ந்ததேதான். அது மற்ற ஈக்களுக்கு அபாயச் சங்கு. அதனால் தோப்புக்கு வரும்போது வாழைப்பழம் சாப்பிட்டுவிட்டு வரக் கூடாது. கொட்டினால் கொடுக்கை உடனே எடுத்துவிட வேண்டும், நகத்தால் சுரண்டுவதா கிள்ளுவதா என்று யோசிக்கிற நேரத்தில் விஷம் இறங்கிவிடும். உடம்பெல்லாம் தடித்து மூச்சு முட்டினால் சுண்ணாம்பு தடவிக்கொண்டு உட்காரக் கூடாது, நேரே ஆஸ்பத்திரி. சிலர் உடம்புக்கு ஒரு கொட்டே ஆபத்து. இதை அவர் முதல் நாளே எல்லோரிடமும் கேட்டுவிடுவார்.

சட்டத்தை எடுப்பது ஒரு தனி வித்தை. நேரே மேலே, மெதுவாக. பக்கத்து அடையில் உரசினால் நடுவில் இருக்கும் ஈ உருண்டு சாகும், ராணியாக இருந்தால் கதை முடிந்தது. ஒரு பக்கம் பார்த்தாயிற்று, மறுபக்கம் பார்க்க வேண்டும். நாம் என்ன செய்வோம்? தட்டைத் திருப்புவது மாதிரி படுக்க வைத்துத் திருப்புவோம். சித்திரை வெயிலில் புது மெழுகு அடை, கம்பி கட்டாதது, தேன் பாரத்தோடு பொத்தென்று விழும். மேல் கட்டையின் ஒரு முனையை உயர்த்தி, கட்டை செங்குத்தாக நிற்கும்போது கதவைப் போலச் சுழற்றி, மறுபடி இறக்க வேண்டும். அடை எப்போதும் நிலத்துக்குச் செங்குத்தாகவே இருக்கும். காலிச் சட்டத்தை வைத்துக்கொண்டு இரண்டு ஞாயிறு இதை மட்டுமே பழகினேன். "கண்ணு படிச்சிருச்சு, கை இன்னும் படிக்கல" என்பார்.

ஒன்பதாம் பெட்டியில் ராணி இல்லைதான். ஆனால் அடையின் விளிம்பில் நிலக்கடலை மாதிரி ஒரு அறை தொங்கியது. ஈக்களே புது ராணியை வளர்த்துக்கொண்டிருந்தன. ராணி முட்டையிலிருந்து வெளிவர 16 நாள். "இப்ப நாம என்ன செய்யணும்?" என்றார். "மூடணும்" என்றேன். "அதைச் செய்" என்றார். அன்றைக்குக் கிடைத்த பாராட்டு அவ்வளவுதான்.

இந்தப் பெட்டிக்கும் ஒரு சரித்திரம் உண்டு, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் லாங்ஸ்ட்ராத் என்கிற பாதிரியார் 1851-ல் ஒன்றைக் கவனித்தார். சட்டத்துக்கும் பெட்டிச் சுவருக்கும் நடுவில் ஒரு குறிப்பிட்ட இடைவெளி விட்டால் ஈக்கள் அதை மெழுகால் அடைப்பதில்லை, நடைபாதையாக வைத்துக்கொள்கின்றன. அதைவிட அதிகமானால் அடை கட்டிவிடும், குறைந்தால் அடைத்துவிடும். நமக்குத் தெரிந்த டாலரன்ஸ்தான். அந்த அளவு பெரிய ஐரோப்பிய ஈக்கு. நம் ஈ சிறிசு, கூட்டமும் சிறிசு. திருச்சி தூய வளனார் கல்லூரியில் இருந்த நியூட்டன் பாதிரியார் 1910-களில் நம் ஈக்குத் தகுந்த சின்னப் பெட்டியைச் செய்து, கிராமத்து மக்களுக்குக் கற்றும் கொடுத்தார். தெற்கே மார்த்தாண்டத்தில் ஒய்.எம்.சி.ஏ.வின் ஸ்பென்சர் ஹாட்ச் 1920-களில் கிராம சீரமைப்பு மையம் தொடங்கியபோது தேனீயும் அங்கே ஒரு குடிசைத் தொழிலாக வந்தது. அண்ணாச்சியின் அப்பா அந்த வழியில் கற்றவர். அப்பாவிடமிருந்து மகன். எங்குமே எழுதிப் படித்ததில்லை, பெட்டிக்குப் பக்கத்தில் நின்று பழகியது.

அந்தப் பக்கம் தேன் பெரும்பாலும் ரப்பரிலிருந்து. பூவிலிருந்து அல்ல. மரம் இலை உதிர்த்துத் தளிர் விடும்போது இலைக் காம்பில் உள்ள சுரப்பியில் தேன் ஊறும். தை, மாசி, பங்குனியில் பெட்டி நிறையும். அண்ணாச்சியிடம் அறுபது பெட்டிகள் இருந்தனவாம்.

1991-92-ல் தாய் சாக் புரூட் என்கிற வைரஸ் நோய் தென்னிந்தியாவுக்கு வந்தது. புழு தோல் உரிக்க முடியாமல், தலையை மட்டும் தூக்கிக்கொண்டு படகு வடிவத்தில் செத்துக் கிடக்கும். இடுக்கியால் எடுத்தால் நீர் நிரம்பிய பை மாதிரி வரும். மருந்து கிடையாது, இன்றைக்கும் கிடையாது. கேரளத்திலும் குமரியிலும் பெரும்பாலான கூடுகள் போயின. அண்ணாச்சி அறுபதில் இரண்டு மிச்சம் என்றார், அதுவும் பறந்துவிட்டது என்றார். அதற்கு மேல் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. தச்சு வேலை தெரியும் என்பதால் சென்னைக்கு வந்தார். 1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் உற்பத்தி தொடங்கியது, பின்னாலேயே உதிரி பாக ஆலைகள் வந்தன, எல்லோருக்கும் மரப் பேக்கிங் பெட்டி வேண்டியிருந்தது. பட்டறையில் சேர்ந்தார். சில வருஷம் கழித்து ஒரு பாழுங்கிணற்றுச் சுவரில் அடுக்குத் தேனீக் கூட்டைப் பார்த்தவர், மறுநாள் பேக்கிங் பலகையில் ஒரு பெட்டி அடித்துக்கொண்டு போனார்.

அதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. ஏற்றுமதி மரத்தில் முத்திரை குத்தியிருக்கும், பார்த்திருப்பீர்கள். எச்.டி. என்றால் சூடேற்றிப் பூச்சி நீக்கியது. எம்.பி. என்றால் மீத்தைல் புரோமைடு புகையூட்டியது. அவர் எச்.டி. பலகையை மட்டும் எடுப்பார். இங்கிலீஷ் படிக்கத் தெரியாது, முத்திரையை அடையாளம் தெரியும்.

போன வருஷம் பதினோராம் பெட்டியிலும் பன்னிரண்டிலும் அதே படகுப் புழு. பார்த்ததும் அவர் முகம் மாறியது. ராணியைச் சின்னக் கூண்டில் அடைத்து முட்டையிடாமல் நிறுத்தினார். நோய் கண்ட அடைகளைக் கொளுத்தினார். அந்த இரண்டு பெட்டியைத் தொட்ட கையோடு மற்றதைத் தொடவில்லை, என்னையும் விடவில்லை. புது முட்டையில்லாத நாட்களில் ஈக்கள் அறைகளைச் சுத்தம் செய்துகொள்ளும், நோய்ச் சங்கிலி அறும், அதுதான் நம்பிக்கை. பதினொன்று பிழைத்தது. பன்னிரண்டு பிழைக்கவில்லை. "பிழைச்சதுலேருந்துதான் இனிப் பிரிக்கணும், கேட்டியா" என்று பதினொன்றின் மேல் சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டார். அந்தக் கோடு இன்னும் இருக்கிறது.

"இதுல வருமானம் வருமா?" என்று மாணவர்கள் கேட்பார்கள். இங்கே ரப்பர் கிடையாது. புங்கம், வேம்பு, புளி, முருங்கை, தென்னை, ஏரிக்கரைச் சீமைக்கருவேலம், இவ்வளவுதான். நல்ல வருஷத்தில் பெட்டிக்கு இரண்டு மூன்று கிலோ என்றால் பெரிசு என்கிறார். ஐப்பசி, கார்த்திகை மழையில் பூவே இருக்காது, சர்க்கரைப் பாகு வைக்க வேண்டும், இல்லாவிட்டால் நம் ஈ சொல்லாமல் கொள்ளாமல் பெட்டியைக் காலி செய்துவிட்டுப் போய்விடும். தொழிலாகச் செய்ய நினைப்பவர்கள் கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பயிற்சிக்குப் போங்கள், நானும் போய் வந்தேன், நன்றாகச் சொல்லித் தருகிறார்கள். ஆனால் பயிற்சி முடித்து நேரே பெட்டி வாங்காதீர்கள். முதலில் ஒரு வருஷம், ஒரு பூக்காலமும் ஒரு மழைக்காலமும், யாராவது ஒருவர் பெட்டிக்குப் பக்கத்தில் நில்லுங்கள். ஆறே மாதத்தில் காலியாகி, பழைய செருப்பு போட்டு வைக்கும் பெட்டியாக மாறியவற்றை நான் நிறையப் பார்த்துவிட்டேன்.

இப்போது நான் வந்த விஷயத்துக்கு வருகிறேன். அந்த மாந்தோப்பு கை மாறுகிறது. கிடங்கு கட்டப் போகிறார்கள். தோப்புக்காரரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, அவர் பெண்ணுக்குக் கல்யாணம். நாமும் இந்தப் பக்கத்து ஆலைகளில் சம்பளம் வாங்குகிறவர்கள்தான், கிடங்கு வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாயில்லை. தை பிறந்தால் பெட்டிகள் அங்கே இருக்க முடியாது. அண்ணாச்சியின் மகன் வளைகுடாவில் இருக்கிறார், அவருக்கு இதில் நாட்டமில்லை. 18 பெட்டியையும் வேறிடத்தில் ஒருவராகப் பார்க்க அண்ணாச்சி முழங்காலுக்குத் தெம்பில்லை. விற்றுவிடலாம் என்று சொன்னேன். "தட்டிக் கேக்கத் தெரியாதவன்ட்ட எப்படிக் குடுக்க?" என்கிறார்.

பெட்டியை நகர்த்துவதற்கும் கணக்கு உண்டு. மூன்று அடி, இல்லாவிட்டால் மூன்று கிலோமீட்டர் என்பார். மூன்று அடி தள்ளினால் ஈ தேடிக் கண்டுபிடித்துவிடும். அரை கிலோமீட்டர் தள்ளினால், மறுநாள் வெளியே போன ஈயெல்லாம் பழகிய பழைய இடத்துக்கே திரும்பி, அங்கே பெட்டி இல்லாமல் அந்தரத்தில் சுற்றிச் சாகும். ஆகவே பக்கத்துத் தோப்பு உதவாது. மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் என்ன இருக்கிறது? நம் ஆலைகள்தான் இருக்கின்றன. நம் கல்லூரி இருக்கிறது.

இந்த மண்டபத்தில் உட்கார்ந்திருப்பவர்களில் குறைந்தது இருபது பேர் ஒரகடம், வல்லம், ஸ்ரீபெரும்புதூர் ஆலைகளில் முடிவெடுக்கும் நாற்காலியில் இருக்கிறீர்கள். பசுமை வளாகம் என்று ஒவ்வொருவரும் ஏக்கர் கணக்கில் வைத்திருக்கிறோம். எங்கள் ஆலையில் அது முழுக்கப் புல்வெளியும் காகிதப்பூவும், ஈக்கு ஒரு பிடி மகரந்தம் தேறாது. புல்லுக்குப் பதில் சுற்றுச்சுவர் ஓரம் புங்கமும் வேம்பும் முருங்கையும் வைக்க இந்த வருஷம் அனுமதி வாங்கியிருக்கிறேன். இரண்டு பெட்டிகள் அங்கே வருகின்றன. ஆள் நடக்காத மூலை, காலை வெயில், மத்தியான நிழல், பக்கத்தில் தண்ணீர். கொசுப் புகை அடிக்கும் நாளை முன்கூட்டியே சொல்ல வேண்டும், அன்று அடித்து முடிகிறவரை வாசலை அடைத்து வைக்க. பாதுகாப்பு அதிகாரி கேட்ட கேள்விகளும் நான் கொடுத்த பதில்களும் மூன்று பக்கம் இருக்கின்றன, வேண்டுபவர்களுக்கு நகல் தருகிறேன். முதல்வர் அவர்கள் விடுதிக்குப் பின்னால் உள்ள புளியந்தோப்பில் நான்கு பெட்டிகளுக்கு இடம் தரச் சம்மதித்திருக்கிறார், அவருக்கு என் நன்றி. மிச்சம் பன்னிரண்டு.

பெட்டிக்குக் காசு வேண்டாம் என்கிறார் அண்ணாச்சி. ஆள் வேண்டும் என்கிறார். ஒரு பெட்டிக்கு ஒருவர், இடம் மாறுவதற்கு முன் குறைந்தது எட்டு ஞாயிறு தோப்புக்கு வர வேண்டும். கல்லூரிப் பெட்டிகளுக்கு மாணவர்களிலிருந்து நான்கு பேர். மூன்றாம் ஆண்டு வேண்டாம், முதலாம் ஆண்டு வாருங்கள், அப்போதுதான் போவதற்கு முன் அடுத்தவருக்குச் சொல்லிக் கொடுக்க நாள் இருக்கும்.

பெயரைச் சாப்பாட்டுக் கூடத்து வாசலில் உள்ள நோட்டில் எழுதிவிட்டுப் போங்கள். ஞாயிறு காலை ஏழு மணிக்குக் கல்லூரி வாசலில் இருந்து சேர்ந்து போகலாம். வெளிர் நிறச் சட்டை, முழுக்கை. சென்ட் வேண்டாம், வாசனை எண்ணெய் வேண்டாம். முன்பு எப்போதாவது ஈ கொட்டி உடம்பு தடித்திருந்தால் என்னிடம் தனியாகச் சொல்லிவிடுங்கள். முக்காலி அங்கே இருக்கிறது.